பாட்டு சர்வரும் நானும்: காப்புப் பிரதியே காலை வாரிய கதை

வீட்டில் பாட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் அவரவர் அடிபட்ட கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, அதில் பாட்டைப் போனுக்கு அனுப்பும் நேவிட்ரோம் மென்பொருள், 2 டிபி போர்ட்டபிள் டிஸ்கில் பாட்டு. சுமார் 400 ஜிபி, பெரும்பாலும் என் சிடிகளிலிருந்து எடுத்த ஃபிளாக் கோப்புகள் (தரம் குறையாமல் சுருக்கியவை). பக்கத்திலேயே இன்னொரு டிஸ்க். தினமும் ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் ஓடி, முதல் டிஸ்கில் இருப்பதை அப்படியே இரண்டாவதில் நகலெடுக்கும். அங்கே அழித்தது இங்கேயும் அழியட்டும் என்று டெலீட் ஆப்ஷனையும் போட்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் போனைத் திறந்தால் ஒரு பாட்டும் ஓடவில்லை. சரி, காப்புப் பிரதி இருக்கிறதே என்று இரண்டாவது டிஸ்கைப் பார்த்தேன். அதுவும் காலி. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். பை 4-ல் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். கரண்ட் வந்ததும் இரண்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் சுழலப் பார்த்ததில் பாட்டு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. டிஸ்க் வராவிட்டாலும் பூட் ஆகட்டும் என்று நோஃபெயில் என்ற ஆப்ஷனைப் போட்டு வைத்திருந்ததால் சர்வர் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர். 2 மணிக்கு ஆர்சிங்க் வந்து பார்த்து, ‘ஓ, எல்லாவற்றையும் அழித்துவிட்டான் போல’ என்று பிரதியையும் துடைத்துவிட்டது. அதன்மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தது.

நல்ல வேளை, கேபிளைப் பிடுங்கி மாட்டியதும் முதல் டிஸ்க் உயிரோடு வந்தது. மறுபடி நகலெடுத்து முடியும்வரை மொத்தப் பாட்டும் அந்த ஒற்றை டிஸ்கில்தான். அத்தனை நேரமும் மின்விசிறி ஸ்விட்சைத் தொடக்கூடப் பயம்.

இப்போது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கிவிட்டேன். டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருந்தால்தான் (அதாவது கணினியோடு இணைந்திருந்தால்தான்) ஆர்சிங்க் தொடங்கும். ஒரே ராத்திரியில் 100 கோப்புக்கு மேல் அழிக்கவும் விடுவதில்லை. மூன்றாவது டிஸ்க் ஒன்று திருச்சியில் தங்கை வீட்டு பீரோவில்.

கேசட்காரன், மதுரை

தம்பி, உங்களுக்கு சிடி. எனக்கு அப்பா விட்டுப்போன கேசட்டுகள். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக்கொடுத்து 90 நிமிட கேசட்டில் நிரப்பி வாங்கியவை. 90 நிமிடத்தைக் கணினியில் ஏற்ற 90 நிமிடமும் உட்கார வேண்டும், குறுக்குவழி கிடையாது. சுருக்காத வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு கேசட் 950 எம்பி பிடிக்கும், ஃபிளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதி.

ஒரு கேசட் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மங்கலாகக் கேட்டது. டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், அதன் சாய்வைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினேன், பலனில்லை. அப்புறம்தான் பார்த்தேன், டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சு பசை விட்டு விழுந்திருக்கிறது. அரிசி அளவுதான். வேறொரு பழைய கேசட்டின் திருகைக் கழற்றி, அதன் பஞ்சைத் தகட்டோடு எடுத்து மாற்றினேன். சத்தம் பளிச்சென்று வந்தது. நடுவில் கடைக்காரர் யாரிடமோ பேசும் இரண்டு வார்த்தை பதிவாகியிருக்கிறது, அதை வெட்ட மனசில்லை.

ஏற்றி முடித்தாலும் கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அதுவும் ஒரு பிரதிதான்.

கோவை வாசகி

நான் பாட்டைத் தொலைக்கவில்லை. எங்கள் சர்வரில் நேவிட்ரோம் இருந்த எஸ்டி கார்டு செத்துப்போனபோது டிஸ்க் பத்திரமாக இருந்தது. புது கார்டில் நேவிட்ரோம் போட்டேன், பாட்டெல்லாம் வந்தது. ஆனால் அம்மாவுக்காக நான்கு வருடம் சேர்த்த பிளேலிஸ்ட், இதயக் குறி போட்டவை எல்லாம் போச்சு. அவை பாட்டுக் கோப்பில் இல்லை, நேவிட்ரோமின் டேட்டாபேஸில் இருக்கின்றன, அதுவோ கார்டில். “வெள்ளிக்கிழமைப் பாட்டு எங்கடி?” என்று அம்மா கேட்டபோது பதில் இல்லை. இப்போது வாரம் ஒருமுறை நேவிட்ரோமை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பையும் நகலெடுக்கிறேன்.

இன்னொன்று. சினிமாப் பாட்டு வைத்திருப்பவர்கள் கோப்புக்குள் விவரம் எழுதும் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ டேகில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். அதைக் காலியாக விட்டதால் பாடகர் வாரியாகப் பிரிந்து, ஒரே படம் எனக்கு ஐந்து ஆல்பமாக வந்து நின்றது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதும் முக்கியம். ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ கூடினால் அவர் வேறு ஆள் ஆகிவிடுகிறார்.

தொடங்கியவன்

டேட்டாபேஸ் விஷயம் எனக்கும் தோன்றவே இல்லை அக்கா, இன்று ராத்திரியே சேர்த்துவிடுகிறேன். மதுரை அண்ணா, அந்தக் கடைக்காரர் குரலை வெட்டாதீர்கள்.

திருச்சி டிஸ்கைப் போன வாரம் எடுத்துவந்து பத்து ஆல்பம் திறந்து பார்த்தேன், எல்லாம் ஓடின. திருப்பிக் கொடுக்கும்போது தங்கை கேட்டாள்: “இதுல ஒரு டிபிக்கு மேல சும்மாத்தானே கிடக்கு, சீரியல் போட்டுக்கட்டுமா?”