அப்பாயிக்கு எட்டுகிற சுருதி

குழு: தோட்டத்து வீடு

டிசம்பர் 6

நான், மாலை 6.12
சித்தப்பா, இந்த முறை கிறிஸ்மஸ் கரோலுக்கு "ஒப்பில்லா திரு இரா" (தமிழ் "சைலண்ட் நைட்") நான்தான் கிட்டாரில் வாசிக்க வேண்டுமாம். 20ஆம் திகதி மேல் லயத்து வீடுகளில் தொடங்குகிறோம். வீடியோ பார்த்து சி, எஃப், ஜி கோர்ட்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் பிடிகள்) பழகுகிறேன். எஃப் மட்டும் வரவே இல்லை.

நான், 6.13
[குரல்பதிவு 0.31]

சித்தப்பா (பண்டாரவளை), 7.40
கேட்டேன் மகள். எஃப் பிடிக்கும்போது இரண்டாவது கம்பி அடைத்துப் போகிறது. ஆட்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கொஞ்சம் பெருவிரல் பக்கம் சாய்த்து அழுத்து. ஆனால் இரண்டு வாரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் கோர்ட் கைக்கு வர மாதக்கணக்கு ஆகும்.

அத்தை (கொழும்பு), 7.44
பிள்ளைக்கு விரல் நுனி எல்லாம் சிவந்திருக்குமே. தேங்காய் எண்ணெய் தடவு.

சித்தப்பா, 7.45
வேண்டாம் அக்கா, தோல் இளகிவிடும். காய்ப்பு ஏறட்டும்.

நான், 7.51
அப்பாயி என் விரலைத் தடவிப் பார்த்தார். "தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன முதல் மாதம் எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். அவர் கையில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அப்பா, 8.20
தம்பி, இது ஓர்கனோடு பாடுகிற பாட்டாயிற்றே. ஒற்றைக் கிட்டாரில் எடுபடுமா?

சித்தப்பா, 8.34
அண்ணா, இது பிறந்ததே கிட்டாரோடுதான். 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊர்க் கோயில். பாட்டை 1816இலேயே எழுதி வைத்திருந்தவர் ஜோசப் மோர் என்கிற இளம் குரு (பாதிரியார்). மெட்டுப் போட்டவர் ஃபிரான்ஸ் குரூபர், பள்ளி ஆசிரியர். அன்றிரவு மோர் கிட்டார் வாசித்துக்கொண்டே மேல் குரலில் பாட, குரூபர் கீழ்க் குரலில் பாடினார். மோரின் கிட்டார் ஹாலைனில் ஒரு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

சித்தப்பா, 8.36
மகள், மோர் கைப்பட எழுதிய பிரதி 1995இல் கிடைத்தது. அதில் சுருதி டி மேஜர்தான். டி, ஜி, ஏ செவன் போதும், எஃப் தேவையே இல்லை. அதைப் பிடித்துப் பார்.

டிசம்பர் 9

நான், மாலை 5.58
டி நன்றாக வருகிறது சித்தப்பா! ஆனால் அப்பாயியால் பாட முடியவில்லை. கடைசிக்கு முந்தின அடியில் குரல் நின்றுவிடுகிறது. இரண்டு தரம் முயன்றுவிட்டு, "நீ வாசி, நான் கேட்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனமே சரியில்லை.

அத்தை, 6.30
அந்த மெட்டு அப்படி. கீழ் ச வரை இறங்கும், மேல் ம வரை ஏறும். அந்த அடிதான் உச்சி. சுருதியை இறக்கு, கண்ணு. எங்கள் அம்மா பாடாத கரோல் நம் வீட்டில் நடந்ததே இல்லை.

சித்தப்பா, 9.05
அக்கா சொல்வது சரி. ஜி-க்கு மாறு. ஒரு சரணம் 12 பார் (தாளக் கட்டம்): ஜி, ஜி, டி, ஜி. சி, ஜி, சி, ஜி. டி, ஜி. 11ஆவதில் பாதி ஜி, பாதி டி செவன். 12இல் ஜி. அவ்வளவுதான் பாட்டு.

சித்தப்பா, 9.08
அப்புறம், நீ நாலு நாலாக அடிக்கிறாய். இது ஆறு எண்ணிக்கை. "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசி. பெருவிரலால் அடிக் கம்பி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கம்பியாக. ஜி-க்கு அடிக் கம்பி ஆறாவது, சி-க்கு ஐந்தாவது, டி-க்கு நாலாவது. தாலாட்டு மாதிரி ஆட வேண்டும், அவசரமே கூடாது.

டிசம்பர் 14

நான், இரவு 7.15
[குரல்பதிவு 1.12]

அக்கா (பேராதனை), 7.22
தகிட நன்றாக விழுகிறது. ஆனால் தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகள் முனகுவது போல் இருக்கிறதே?

நான், 7.25
ஆமாம் அக்கா. ஜி-யில் அப்பாயிக்குச் சரி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொம்பக் கீழே போகிறது.

சித்தப்பா, 7.50
கேப்போவை, அந்தக் கம்பி அழுத்தும் கிளிப்பை, கிட்டார் கழுத்தில் இரண்டாம் ஃப்ரெட்டில் (கட்டத்தில்) போடு. விரல் மாறாது, சுருதி மட்டும் ஏ-க்கு ஏறும். அப்பாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். அவருக்கு எட்டினால் அதுதான் சுருதி.

நான், 8.31
எட்டுகிறது!! மூன்று சரணமும் பாடினார்.

டிசம்பர் 20

சித்தப்பா, மாலை 4.10
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுப்படியில் சுருதி சேர்த்துவிட்டு வெளியே தூக்கிப் போகாதே. குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பத்து நிமிடம் வைத்துவிட்டு அங்கேயே சேர்.

அப்பா, 6.45
இங்கே ஒரே பனி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்கிறார்.

அப்பா, 9.52
[குரல்பதிவு 2.40]

அத்தை, 10.03
அண்ணா, மூன்றாவது தடவை கேட்கிறேன். உச்சியில் அம்மா குரல் நிற்கவே இல்லை. பக்கத்தில் கிட்டார் எவ்வளவு நிதானமாகப் போகிறது, என் தங்கமே.

சித்தப்பா, 10.05
11ஆவது பாரில் டி செவன் சரியாக விழுந்தது. கேட்டேன்.

அத்தை, 10.09
நான் 24 காலை ரயிலில் ஹட்டனுக்கு வருகிறேன். கேப்போ அங்கேயே இருக்கட்டும், கண்ணு. நானும் அதே சுருதியில் பாட வேண்டும்.