புது ஸ்கோப், பத்து கிளிக் திருகியும் குண்டு மேலே ஏறவில்லை (அவசரம்)

கேளம்பாக்கம்_கிட்டு, சனி இரவு 9.12
வணக்கம். ஏர் ரைபிளில் புது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியிருக்கிறேன். உள்ளே வரிசையாகத் தெரியும் புள்ளிகளின் கணக்கில், பெல்லட் மிகச் சரியாக ஒரு புள்ளி கீழே விழுகிறது. ஸ்கோப்பின் மேல் திருகை ஒரு புள்ளிக்குப் பத்து கிளிக் (சத்தத்தோடு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) திருப்ப வேண்டும் என்று எங்கோ படித்தேன். பத்து கிளிக் திருகினால் பாதித் தூரம்கூட ஏறவில்லை. ஸ்கோப் பழுதோ என்று பயந்து திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். நாளைக் காலை மைத்துனர் வருகிறார், பிரியாணிப் பந்தயம். விரைவாகச் சொல்லுங்கள்.

பல்லாவரம்_பாபு, 9.20
என்ன ரைபிள்? என்ன ஸ்கோப்? எத்தனை மீட்டர்? எதையும் சொல்லாமல் "பழுதா" என்றால் நாங்கள் என்ன, கிளி ஜோசியமா பார்க்கிறோம்? ஸ்பிரிங் ரைபிளாக இருந்தால் பதிலே வேறு. ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னுமாக உதைக்கும், அதைத் தாங்காத ஸ்கோப் ஒரே மாதத்தில் உள்ளே உடைந்துவிடும். ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்திருக்கும் கிளாம்ப் திருகாணியையும் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கேஸ் கிளாம்ப்தான்.

நுங்கம்பாக்கம்_வானம், 9.24
எத்தனை மடங்கு பெரிதாக்கி வைத்துச் சுட்டீர்கள்?

தையற்கடை_சரசு, 9.31
எனக்குத் துப்பாக்கி தெரியாது, மகன் இதில் இருப்பதால் வாசிக்கிறேன். பத்து போதவில்லை என்றால் ஏறும்வரை இன்னும் கொஞ்சம் திருகினால் ஆகாதா?

ஆயிரம்விளக்கு_ஆசான், 9.38
அம்மா, அது முறையல்ல. கணக்குத் தெரியாமல் திருகுவது உப்புப் பார்க்காமல் குழம்பில் உப்புப் போடுவதைப் போல. தம்பி கிட்டு, இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே நாலு முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. உங்கள் திருகின் மூடியில் என்ன பொறித்திருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

கேளம்பாக்கம்_கிட்டு, 9.50
மூடியில் "1 கிளிக் = 1/4 எம்.ஓ.ஏ" என்று இருக்கிறது. உள்ளே தெரிவது மில் டாட், அதாவது மில் அளவில் இடைவெளி விட்ட புள்ளிகள். தூரம் 25 மீட்டர். நண்பரின் தோப்பு, பின்னால் மண்மேடு. ஸ்பிரிங் இல்லை, காற்று அடைக்கும் வகை. கிளாம்ப் கெட்டியாக இருக்கிறது.

ஆயிரம்விளக்கு_ஆசான், 9.58
நினைத்தேன். கண்ணுக்குள் ஓர் அளவு, கைக்கு வேறோர் அளவு. இரண்டும் கோண அளவுகள். ஒரு மில் என்பது ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 25 மீட்டரில் 2.5 சென்டிமீட்டர். குழந்தைக்கும் புரியும். நீங்கள் படித்த "பத்து கிளிக்" மில் திருகுக்கு உரியது. அதில் ஒரு கிளிக் 0.1 மில். உங்களுடையது எம்.ஓ.ஏ திருகு, பாகையை அறுபதாக வெட்டிய கணக்கு. ஒரு மில்லுக்கு 3.44 எம்.ஓ.ஏ, அதாவது ஏறக்குறைய 14 கிளிக். 1957இல் நயா பைசா வந்தபோது ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா என்று மளிகைக் கடையில் நம் தாத்தாக்கள் பட்ட பாட்டை இப்போது நீங்கள் படுகிறீர்கள். எம்.ஓ.ஏ என்பது அணாக் காசு. செல்லாது.

மயிலை_பஞ்சாங்கம், 10.06
செல்லாதா? பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் எம்.ஓ.ஏ. நம் பஞ்சாங்கத்தில் அதற்குக் "கலை" என்றே பெயர் உண்டு. பாகை, கலை, விகலை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. கப்பல்காரனைக் கேளுங்கள், அட்சரேகையில் ஒரு கலைதான் அவனுடைய ஒரு கடல் மைல், 1852 மீட்டர். 100 கஜத்தில் ஒரு கலை ஓர் அங்குலம். இதைவிட எளிமை என்ன வேண்டும்?

ஆயிரம்விளக்கு_ஆசான், 10.11
ஓர் அங்குலம் இல்லை, 1.047 அங்குலம். இதற்குத்தான் சொல்கிறேன்.

மயிலை_பஞ்சாங்கம், 10.19
அந்த 1.047 எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? 100 கஜம் என்பது 3600 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டக் கணக்கின் பை (π) என்ற எண்ணை மூன்றால் வகுத்த விடை வந்து நிற்கும். உங்கள் மில்லில் இப்படி ஓர் அழகைக் காட்டுங்கள் பார்க்கலாம். வட்டத்துக்கு 6283 மில்லும் சொச்சமும். அந்தச் சொச்சம் தாங்காமல் நேட்டோ படைகள் 6400 என்று வைத்துக்கொண்டன, சோவியத் படைகள் 6000 என்றன. ஊருக்கு ஒரு மில். பூக்காரம்மா முழம் போடுவதைப் போல, யார் கை என்பதைப் பொறுத்தது.

நுங்கம்பாக்கம்_வானம், 10.22
கிட்டு, எத்தனை மடங்கு என்று கேட்டிருந்தேன்.

பல்லாவரம்_பாபு, 10.27
பேரலாக்ஸாகவும் இருக்கலாம். பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கு என்று அமைக்கப்பட்டவை. 25 மீட்டரில் கண்ணை லேசாக நகர்த்தினாலே குறி நகரும். கிளாம்பை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆயிரம்விளக்கு_ஆசான், 10.33
பஞ்சாங்கம் ஐயா, ஸ்கோப்பில் இருப்பது ரேடியன் கணக்கு மில். படைகளின் மில்லை இங்கே இழுப்பது திசைதிருப்பல். உலகம் மீட்டருக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது.

மயிலை_பஞ்சாங்கம், 10.41
உலகம் வந்திருக்கலாம், சென்னை வரவில்லை. நீங்கள் மனை வாங்கினால் கிரவுண்டில், தங்கம் வாங்கினால் சவரனில். போகட்டும், பரங்கிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் அங்கே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை வேலை இமயமலை வரை போனது. அத்தனையும் பாகை, கலை, விகலையில். ஒரு மில்லைக்கூட யாரும் தொடவில்லை.

ஆயிரம்விளக்கு_ஆசான், 10.48
அவருடைய அரை டன் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. கலைக்கு நேர்ந்த கதி.

மயிலை_பஞ்சாங்கம், 10.52
தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்து, மறுபடியும் கலையில்தான் அளந்தார் ஐயா.

கேளம்பாக்கம்_கிட்டு, ஞாயிறு காலை 6.40
14 கிளிக் கொடுத்துச் சுட்டேன். மூன்றில் இரண்டு பங்குதான் ஏறியிருக்கிறது. மைத்துனர் தாம்பரம் தாண்டிவிட்டாராம்.

ஆயிரம்விளக்கு_ஆசான், 6.47
கணக்கு தவறாது. நீங்கள் எண்ணியதுதான் தவறியிருக்கும்.

பல்லாவரம்_பாபு, 6.49
கிளாம்ப்.

நுங்கம்பாக்கம்_வானம், 6.51
மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். எத்தனை மடங்கு?

கேளம்பாக்கம்_கிட்டு, 6.55
மன்னியுங்கள் மேடம், கவனிக்கவில்லை. 4 முதல் 12 வரை போகும். 8இல் வைத்திருக்கிறேன், அதில்தான் படம் தெளிவாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன?

நுங்கம்பாக்கம்_வானம், 7.04
எல்லாமே அதுதான். மடங்கை மாற்றும் வளையத்தைத் திருப்பும்போது புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகின்றனவா, இல்லை படம் மட்டும் பெரிதாகிறதா? படம் மட்டும் என்றால் உங்கள் புள்ளிகள் கண்பக்கக் குவியத் தளத்தில் இருக்கின்றன. கைப்பேசித் திரையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டுப் புகைப்படத்தை விரித்துப் பாருங்கள். முகம் பெரிதாகும், பொட்டு அப்படியே இருக்கும். இந்த வகையில் "ஒரு புள்ளி ஒரு மில்" என்பது ஒரே ஒரு மடங்கில்தான் உண்மை. எந்த மடங்கு என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் உச்ச அளவு. உங்களுக்கு 12 என்றால், 8இல் ஒரு புள்ளி இடைவெளி ஒன்றரை மில். 25 மீட்டரில் 37.5 மில்லிமீட்டர். உங்கள் கிளிக் அங்கே 1.8 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். வகுத்தால் 21 கிளிக் வருகிறது. முதலில் பத்துக்குப் பாதிகூட வராததும், பிறகு பதினான்குக்கு மூன்றில் இரண்டு வந்ததும் இதோடு பொருந்துகின்றன. நேற்று ஒன்பதரைக்கே முடிந்திருக்க வேண்டியது.

கேளம்பாக்கம்_கிட்டு, 7.06
படம் மட்டும்தான் பெரிதாகிறது. கையேட்டில் 12 என்றுதான் போட்டிருக்கிறது.

தையற்கடை_சரசு, 7.10
அப்படியானால் இன்னும் ஏழு திருக வேண்டும். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆயிரம்விளக்கு_ஆசான், 7.15
குவியத் தளம் பற்றி நான் எழுதிய நாலு பதில்களில் மூன்றாவதில் இது இருக்கிறது.

நுங்கம்பாக்கம்_வானம், 7.17
இந்த இழையில் இல்லை ஐயா.

கேளம்பாக்கம்_கிட்டு, 8.32
21. சரியாக நடுவில். நன்றி. வந்துவிட்டார்.

ஆயிரம்விளக்கு_ஆசான், 8.50
மில் திருகாக இருந்திருந்தால் 15 கிளிக்கில் முடிந்திருக்கும். விரல் மிச்சம்.

மயிலை_பஞ்சாங்கம், 8.58
15 பெரிய காலடி, 21 சின்னக் காலடி. நுணுக்கம் எதில் அதிகம் என்று தையற்கடை அம்மாவே சொல்லட்டும்.

தையற்கடை_சரசு, 9.20
எனக்கு அங்குல டேப்பின் இரண்டு பக்கமும் வேண்டும். பிரியாணி யார் வாங்கியது?

பல்லாவரம்_பாபு, 1.45
கிட்டு? என்ன ஆயிற்று?