கார்பெட்டில் சாம்பார் கறை, சனிக்கிழமை வீடு காலி செய்கிறோம், அவசரம்

தேன்மொழி_வடக்கு: வணக்கம். ஹால் கார்பெட்டில் சாம்பார் கொட்டிவிட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், முன்னைவிட மோசமாகிவிட்டது. சனிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும், டெபாசிட் பணம் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. நிச்சயமாகப் போகிற வழி யாராவது சொல்லுங்கள்.

கோவை_வாசு: என்ன கார்பெட், கம்பளியா நைலானா? என்ன நிறம்? கொட்டி எத்தனை நாள் ஆயிற்று? எதைப் போட்டுத் துடைத்தீர்கள்?

மாடித்தோட்டம்: ஆப்ப சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள், பொங்கி வரும்போது கறையும் மேலே வந்துவிடும். எங்கள் வீட்டு சிங்க் அடைப்புக்குக்கூட இதுதான்.

வெள்ளாவி: அமிலத்தையும் காரத்தையும் ஒன்றாக ஊற்றினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நுரை வந்தால் வேலை நடக்கிறது என்று நினைப்பதை எப்போதுதான் விடப்போகிறீர்களோ. கேள்வி கேட்பவரும் விவரம் சொல்லாமல் கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 20 வருடம் சலவைத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன்.

மாடித்தோட்டம்: எங்கள் வீட்டில் வேலை செய்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தேன்மொழி_வடக்கு: மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். இங்கிலாந்தில் வாடகை வீடு. சுவரோடு சுவராக ஒட்டிய கார்பெட், வெளிர் சந்தன நிறம். என்ன நூல் என்று தெரியாது. ஞாயிறு இரவு கொட்டியது, இன்று புதன். முதலில் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன், அப்புறம் துணி துவைக்கும் பவுடர். மஞ்சளாக இருந்தது இப்போது செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது, தோசைக்கல் அகலத்துக்கு இருக்கிறது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்: பயப்படாதீர்கள் தங்கச்சி, அது புதுக் கறை இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதேதான் உங்கள் கார்பெட்டிலும் நடந்திருக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோடாவும் துணிப் பவுடரும் காரம். இனி இரண்டையும் தொடாதீர்கள்.

முதலில் எண்ணெய் போக வேண்டும், தாளிப்பு எண்ணெயில்தான் மஞ்சள் கரைந்து நூலுக்குள் இறங்கியிருக்கும். ஒரு கப் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெள்ளைத் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நூல் பிரிந்து பஞ்சாகிவிடும், கறை போனாலும் அந்த இடம் தெரியும். சோப்பு போக வெறும் தண்ணீரால் ஒற்றிவிட்டு, ஒரு பங்கு வெள்ளை வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து ஒற்றினால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். கொட்டி நனைக்காதீர்கள், அடியில் சணல் இருந்தால் காயும்போது பழுப்பு மேலே ஏறும்.

கோவை_வாசு: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக்கடையில் கிடைக்கும். நைலான், பாலியஸ்டர் என்றால் அதுதான் மஞ்சளை வெளுக்கும். வினிகரை நன்றாகத் தண்ணீரால் எடுத்த பிறகே போட வேண்டும், இரண்டையும் சேர்க்கவே கூடாது. முதலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

வெள்ளாவி: நூல் தெரியாமல் பெராக்சைடா? அந்த ஊரில் 80 பங்கு கம்பளியும் 20 பங்கு நைலானும் கலந்த கார்பெட் சர்வசாதாரணம். கதவோரத்தில் இரண்டு இழை பிடுங்கி, சிங்க்கின் மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகி மணிபோல இறுகினால் செயற்கை இழை. குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம், அது கம்பளியையே கரைத்துவிடும்.

சித்திரைவெயில்: அம்மா வேட்டியில் மஞ்சள் பட்டால் அலசி, ஈரத்தோடு வெயிலில் போடுவார்கள், சாயங்காலம் கறை இருக்காது. வெயிலை மிஞ்சின மருந்து இல்லை.

வெள்ளாவி: ஒட்டிய கார்பெட்டைக் கொடியில் காயப்போடச் சொல்கிறீர்களா?

கெமிஸ்ட்ரி_டீச்சர்: சித்திரைவெயில் சொல்வது சரிதான். குர்குமினைச் சிதைப்பதில் நீல ஒளிக்கும் பங்கு உண்டு, அது ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். திரையை விலக்கி வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_ராஜா: டெபாசிட்டுக்கு ஏன் இவ்வளவு பயம்? இங்கிலாந்தின் 2019 வாடகைதாரர் கட்டணச் சட்டத்துக்குப் பிறகு, காசு கொடுத்து ஆள் வைத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்த முடியாது.

பழைய_குடித்தனம்: சுத்தத்துக்கு அது சரி. கறை தேய்மானத்தில் சேராது, டெபாசிட்டில் கை வைக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்_ராஜா: அப்படியே வைத்தாலும் பழைய கார்பெட்டுக்குப் புதுக் கார்பெட்டின் விலையைக் கேட்க முடியாது, வயதைக் கழிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் தகராறு எழுப்பலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

பழைய_குடித்தனம்: எழுப்பலாம். பணம் கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தவள் நான். அந்தப் பெண் அடுத்த வீட்டுக்கு முன்பணம் எதைக் கொண்டு கட்டுவாள்?

கோவை_வாசு: இரண்டு பேரும் அதைத் தனியாகப் பேசுங்களேன், கார்பெட்டுக்கு வருவோம்.

தேன்மொழி_வடக்கு: கொளுத்திப் பார்த்தேன், முடி வாடைதான், கம்பளி. பெராக்சைடு போடவில்லை. வினிகர் தண்ணீர் பட்டதும் சிவப்பு கண் முன்னாலேயே மஞ்சளுக்குத் திரும்பியது, உயிர் வந்தது! 11 வெள்ளைத் துணி மஞ்சளாகிவிட்டது. இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. திரையை விலக்கி வைத்திருக்கிறேன். டீச்சர் அக்காவுக்கு நன்றி, பெட்டி கட்டப் போகிறேன்.

சித்திரைவெயில்: நாளைக்கும் திரையை மூடாதீர்கள்.

கோவை_வாசு: சாவி கொடுத்தாயிற்றா? சோதனைக்கு வந்தவர் என்ன சொன்னார்?