ஹைலக்ஸ்: டீசல் ஃபில்டர் மாற்றிய பின் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

வணக்கம். என் டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 டி-4டி பிக்கப் வண்டி (2012, மேனுவல், சுமார் 2,10,000 கி.மீ.) டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி. இங்கே குளிரைக் காரணம் சொல்ல முடியாது.

சென்ற மாதம் வழக்கமான பராமரிப்பின்போது அருகிலுள்ள பட்டறையில் மாற்றினார்கள். அதற்கு முன் எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது இரவு முழுவதும் நின்றால், ஃபில்டருக்கு மேலுள்ள, டீசலை ஏற்றும் கைப்பம்பு தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அது இறுகும்வரை அழுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நகருக்குள் ஓட்டுவதில் குறையில்லை. என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி மேடேறும்போதுதான் இழுவை போய், எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக்குறியீடு, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயர் அழுத்தக் குழாயில் (ஃபியூயல் ரயில்) அழுத்தம் குறைவு.

ஃபில்டரைக் கழற்றி, புது ரப்பர் வளையத்தில் டீசல் தடவிப் பொருத்தினேன். வேறு ஃபில்டரும் போட்டுப் பார்த்தாயிற்று. அடியிலுள்ள வடிகால் திருகை இறுக்கினேன். வடித்ததில் தண்ணீர் இல்லை. பேட்டரி, குளோ பிளக் (ஸ்டார்ட் செய்ய எஞ்சினைச் சூடாக்குவது) இரண்டும் நன்றாக இருக்கின்றன. கீழே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஆனால் டாங்கிலிருந்து எஞ்சினிலுள்ள உயர் அழுத்தப் பம்புவரை டீசல் உறிஞ்சப்பட்டே வருவதால், வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம்.

மெக்கானிக், அந்தப் பம்பிலுள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வை (பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்துவது) மாற்றச் சொல்கிறார். விலை அதிகம், எங்கள் காய்கறி வியாபாரமே இந்த வண்டியை நம்பித்தான் நடக்கிறது. கைப்பம்பு இறுகியதும் ஸ்டார்ட் ஆவதால், வால்வுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காற்று நுழைவது டீசல் ஃபில்டரின் தலைப்பகுதியிலா, அதற்கு முந்தைய குழாயிலா என்று வீட்டிலேயே உறுதியாகக் கண்டறிய என்ன வழி?