எங்கள் அரிமா சங்கத்துக்குப் பொன்விழா: எப்படி நடத்தலாம்?

கேள்வி: காவிரிக்கரைச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம்.

டெல்டாப் பகுதியில் ஒரு பேரூராட்சியில் இயங்கும் அரிமா சங்கத்துக்கு (லயன்ஸ் கிளப்) நான் இந்த ஆண்டின் செயலாளர். வருகிற ஜூலையில் தொடங்கும் அரிமா ஆண்டில் எங்கள் சங்கம் பட்டயம் பெற்று 50 ஆண்டுகள் நிறைகின்றன. இப்போது உறுப்பினர்கள் 38 பேர். சங்கம் தொடங்கியபோதே சேர்ந்த பட்டய உறுப்பினர்களில் இருவர் இருக்கிறார்கள். இருவருமே எண்பதைத் தாண்டியவர்கள் என்பதால், பொன்விழாவைத் தள்ளிப்போடாமல் அவர்கள் கண்குளிரப் பார்க்கும்படி நடத்திவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி நடத்துவது என்பதில்தான் இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு சாரார், பெரிய திருமண மண்டபத்தைப் பிடித்து, அரிமா மாவட்ட ஆளுநரையும் அக்கம்பக்கத்துச் சங்கங்களையும் அழைத்து, பொன்விழா மலர் வெளியிட்டு, 600 பேருக்கு இலை போட்டு விருந்து வைக்க வேண்டும் என்றார்கள். உத்தேசச் செலவு 6 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதியை மலர் விளம்பரத்திலேயே திரட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மற்றவர்கள், திரட்டுவது அத்தனையையும் சேவைக்கே செலவிட்டு, விழாவைத் தேநீரோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐம்பது ஆண்டு உழைத்த சங்கம் ஊரறிய ஒரு நாள் கூடி மகிழ்வதில் தவறில்லை என்றே நானும் நினைக்கிறேன்; ஆனால் கடைவீதியில் ஏறி இறங்கி வாங்கும் பணம் பந்தியில் கரைவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இதற்கிடையே, சங்கத்தின் பழைய அலமாரியில் முதல் தீர்மானப் புத்தகம் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. நீல மையில் எழுதிய பக்கங்களில் முதல் கண் சிகிச்சை முகாமின் கணக்கு அப்படியே இருக்கிறது: பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பறைகள், வைக்கோல் பரப்பி மேலே விரிக்க இரவல் வாங்கிய ஜமுக்காளங்கள், நோயாளிகளின் கஞ்சிக்கு யார் யார் எத்தனை மரக்கால் அரிசி தந்தார்கள், விறகு கொண்டுவந்த வண்டி யாருடையது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். நன்கொடைப் பட்டியலின் கடைசி வரி, ‘பெயர் சொல்ல விரும்பாதவர், ஒரு குடம் மோர்.’ அந்த வரியைப் படித்ததிலிருந்து, இந்த விழா அந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொன்விழா நடத்திய அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன். விளம்பரப் பணத்தை விருந்துக்குச் செலவிடலாமா? ஜூலையில் பொறுப்பாளர்கள் மாறும்போது ஏற்பாடுகள் தடைபடாமல் இருக்க என்ன செய்தீர்கள்? அழைப்பிதழில் பெயர் வரிசையால் வரும் மனத்தாங்கலை எப்படித் தவிர்த்தீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் முகாமுக்கு ஈடாக, இன்றைக்குத் தேவையான சேவை எது?

பதில்: கொங்குப் பகுதியிலிருந்து ஒரு முன்னாள் வட்டாரத் தலைவர்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். பணத்தைப் பற்றிய தயக்கம் முற்றிலும் நியாயமானது, விதியும் உங்கள் பக்கமே இருக்கிறது. அரிமா சங்கங்களில் நிர்வாக நிதி வேறு, சேவை நிதி வேறு. உறுப்பினர்களின் சந்தாவும் அவர்கள் தமக்குள் போட்டுக்கொள்ளும் பணமும் நிர்வாகத்துக்கு. பொதுமக்களிடம் திரட்டும் பணத்தில், அதைத் திரட்டுவதற்கான நேரடிச் செலவு போக மீதம் முழுவதும் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். ஆகவே மலர் அச்சிடும் செலவை விளம்பரத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். மீதியை விருந்துக்குத் திருப்பக் கூடாது. கடைக்காரர் பணம் தருவது சங்கத்தின் சேவையை நம்பித்தான். மலரிலேயே ஒரு பக்கத்தில் ‘இந்தத் தொகை இன்ன பணிக்குச் செல்கிறது’ என்று அச்சிட்டுவிடுங்கள்.

அப்படியானால் விருந்துக்கு என்ன வழி? 38 பேரும் மாதம் 500 ரூபாய் வீதம் இன்றிலிருந்து ஓராண்டு ஒதுக்கினால் 2,28,000 ரூபாய் சேரும். 600 பேர் வேண்டாம். உண்மையாகவே சங்கத்தோடு தொடர்புள்ள 250 பேரை அழைத்தால், யாரிடமும் கையேந்தாமல் நிறைவாக இலை போடலாம். நன்கொடையாளர் எவரேனும் வருமான வரிச் சலுகை கேட்டால், உங்கள் அறக்கட்டளைக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் சங்கத்தின் பொன்விழாவில் நாங்கள் செய்த பெரிய தவறு, விழாக்குழுவை ஜூலைக்குப் பிறகு அமைத்தது. புதிய தலைவர் பொறுப்பேற்று, குழு கூடி, தேதி பேசி முடிப்பதற்குள் முகூர்த்த நாள்களுக்கெல்லாம் மண்டபங்கள் போய்விட்டன. விழா அந்த ஒரு தலைவரின் சொந்த நிகழ்ச்சி போல ஆகிவிட்டது என்ற மனக்குறையும் பலருக்கு இருந்தது. நீங்கள் இப்போதே குழுவை அமையுங்கள். இந்த ஆண்டின் தலைவர், அடுத்த ஆண்டின் தலைவர், அதற்கடுத்து வரப்போகிறவர் ஆகிய மூவரும் அதில் இருக்கட்டும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் எளிதாகக் கிடைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பகுதி மழையை நம்பி நாள் குறிக்க வேண்டாம்.

அழைப்பிதழில் தலைமை, சிறப்பு விருந்தினர், வரவேற்புரை, நன்றியுரை என்று நான்கு பெயர்கள் போதும். முன்னாள் தலைவர்கள் அனைவரையும் அவர்கள் பொறுப்பு வகித்த ஆண்டு வரிசைப்படி பின் அட்டையில் போடுங்கள். ஆண்டு வரிசையை யாராலும் குறை சொல்ல முடியாது. சாலையோரப் பதாகைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்குள் நின்றுவிட வேண்டும்.

பதில்: பொருநைக்கரை, முன்னாள் பொருளாளர்

வணக்கம் ஐயா. நான் சேர்ந்துள்ள சங்கத்தின் ஆண்டு விழா ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கண்தானம் அளித்த குடும்பங்களை மேடையில் கௌரவிப்பதாக அழைத்திருந்தோம். வந்தவர்களில் ஓர் அம்மா, கணவரின் சட்டமிட்ட படத்தை மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டன. அவர் பெயரை அழைத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து 9 மணிக்கு. மறுநாள் காலை நாங்கள் ஏழு பேர் அவர் வீட்டுக்குப் போய் நின்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை, காபி கொடுத்தார். அதைக் குடிக்க முடியாமல் குடித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் மாறாத வழக்கம் ஒன்று உண்டு. குத்துவிளக்கு ஏற்றியதும் முதல் நிகழ்ச்சி கண்தானக் குடும்பங்களுக்குத்தான். முன்வரிசை அவர்களுக்கு, வண்டி ஏற்பாடு எங்களுடையது, விளக்கை ஏற்றுபவர்களும் அவர்களே. இறந்தவரின் பெயரையும் தானம் நடந்த நாளையும் நிதானமாக வாசிப்போம். பொன்னாடைக்குப் பதில் நல்ல போர்வைகள் வாங்குகிறோம்; மேடைப் பிரமுகர்கள் தமக்குக் கிடைப்பதை அங்கேயே முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பொன்விழாவில், 50 ஆண்டுகளில் கண்தானம் அளித்த எல்லாக் குடும்பங்களையும் தேடிப் பிடித்து அழையுங்கள். வேறு எந்தச் சிறப்பு விருந்தினரும் அவர்களுக்கு ஈடாக மாட்டார்கள். 1925இல் ஒஹையோவில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் நேரில் வந்து பார்வையற்றோருக்காகக் கேட்ட வேண்டுகோளால்தான் நம் இயக்கம் கண்பணிக்கு வந்தது. அந்த வேண்டுகோளைச் சொல்லால் அல்லாமல் செயலால் ஏற்றவர்கள் இவர்கள்.

விழா மேடையில் உறுதிமொழிப் படிவம் நிரப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். படிவத்தில் கையெழுத்திட்டவர் இறந்ததும் வீட்டார் சம்மதித்துத் தொலைபேசியில் அழைத்தால்தான் தானம் நடக்கும். படிவமே இல்லாதவரின் கண்களையும் வீட்டார் மனம் வைத்தால் கொடுக்கலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், முதியவர் எவரும் கொடுக்கலாம். இதையும் அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணையும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தால், அது பொன்விழா மலரைவிட அதிக நாள் பயன்படும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அரிமா இயக்கத்தில் பெண்கள் உறுப்பினராகலாம் என்று முடிவானது 1987இல்தான். ஆகவே உங்கள் தீர்மானப் புத்தகத்தின் முதல் பத்தாண்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட உறுப்பினராக இருக்காது. ஆனால் அந்த மரக்கால் அரிசியைக் கஞ்சியாக்கியவர்கள், கட்டுப் போட்ட கண்களோடு படுத்திருந்தவர்களுக்கு ஊட்டியவர்கள் யார்? பட்டய உறுப்பினர்களின் வீட்டில் கேளுங்கள். அந்தப் பெயர்களும் மலரில் வர வேண்டும்.

பதில்: கண் முகாம் ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். கண் மருத்துவமனை ஒன்றின் முகாம் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் முதல் முகாமில் வகுப்பறையிலேயே அறுவை நடந்திருக்கும். அன்றைய முறையில் புரை விழுந்த லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு, தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போன மாதிரிதான். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். ஏறக்குறைய உங்கள் சங்கத்தின் வயது அதற்கும். 1992இல் அங்கேயே ஆரோலேப் என்ற அதன் தயாரிப்பு நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, அது ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. கிருமித்தொற்று அபாயத்தால் இப்போது முகாமில் அறுவை செய்வதில்லை. பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களை மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். வாய்ப்பிருந்தால் அந்தப் பழைய கண்ணாடி ஒன்றையும் இன்றைய லென்ஸ் ஒன்றையும் விழாவில் அருகருகே வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

இன்றைக்குத் தேவை என்று கேட்டால், நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் முகாம்களையே சொல்வேன். புரை விழுந்தால் மங்கலாகத் தெரியும்; மனிதர் தாமே முகாமைத் தேடி வருவார். விழித்திரைப் பாதிப்பில் வலியும் இல்லை, தொடக்கத்தில் பார்வைக் குறைவும் இல்லை. தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது கிராமங்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. கேமராவில் விழித்திரையைப் படமெடுத்து அனுப்பினால், மருத்துவர் வேறு ஊரிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார். கண் மருத்துவமனையோடும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் பேசி, மாதம் ஒரு கிராமம் என்று ஓராண்டு நடத்துங்கள்.

50 ஆண்டுக்கு 50 முகாம், இத்தனை ஆயிரம் அறுவை என்று இலக்கு அறிவிக்க வேண்டாம். எண்ணிக்கையைத் துரத்தும்போது, அறுவை முடிந்த பாட்டி மறுபரிசோதனைக்கு வந்தாரா என்று பார்க்க ஆள் இருக்காது. 12 முகாம்கள் நடத்தி, பாதிப்புள்ளவர் ஒவ்வொருவரையும் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்று, சிகிச்சை முடியும்வரை கூடவே போய்வந்தால் அதுவே பெரும்பணி.

பதில்: மலர் தொகுப்பாளர்

சுருக்கமாக ஒரு வேண்டுகோள். அந்தத் தீர்மானப் புத்தகத்தைப் பலர் புரட்டுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், பக்கங்கள் பாழாகிவிடும். பழைய புகைப்படங்களைப் பட்டய உறுப்பினர்கள் இருவரிடமும் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்த வேலை விழாத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மலரில் வாழ்த்துச் செய்திகளை நான்கு பக்கத்துக்குள் அடக்கினால், முதல் முகாமின் கணக்குப் பக்கங்களை அப்படியே அச்சிட இடம் கிடைக்கும்.

மீண்டும்: காவிரிக்கரைச் செயலாளர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து நேற்றைய செயற்குழுவில் வாசித்தேன். பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்ட அந்த அம்மாவைப் பற்றிய பகுதியை வாசித்தபோது, பெரிய விழா வேண்டும் என்று உறுதியாக இருந்தவரே எழுந்து, விருந்துச் செலவில் தம் பங்காக 10,000 ரூபாய் தருவதாகவும் விளம்பரப் பணத்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

அழைப்பு 250 பேருக்கு என்று முடிவாகியிருக்கிறது. முதல் முகாம் நடந்த பள்ளிக்கூடத்திலேயே விழாவை வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். விழித்திரைப் பரிசோதனைக்கு முதல் மூன்று கிராமங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். கண்தானக் குடும்பங்களின் முகவரிகள் 1990களுக்கு முன் சரியாக இல்லை. தெருத் தெருவாகத்தான் கேட்க வேண்டும், இரண்டு உறுப்பினர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

பொருநைக்கரை அம்மாவின் கேள்வியோடு இன்று காலை பட்டய உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து அவருடைய மனைவி ஐந்து பெயர்களைச் சொன்னார். மோர்க்குடம் யாருடையது என்றும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, மாட்டுத் தொழுவம் இருந்த பக்கத்தைக் கைகாட்டினார்.