மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் ஓவியங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கோணல்கோடு:
போன வாரம் ஓர் ஓவியக் கண்காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அசடு வழிந்தேன். படத்தில் கோட்டும் டையும் அணிந்த அதிகாரி ஒருவர் கோப்புகளில் கையெழுத்திடுகிறார். அவருடைய கழுத்து மட்டும் தோட்டத்துக் குழாய் போல நீண்டு, மேசைக்கடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியே வெளியேறிவிட்டது. தலை மரக்கிளையில் ஒரு குருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது. தலைப்பு: 'உணவு இடைவேளை'.

சிரிப்பு அடங்கியபின்தான் கவனித்தேன், மேசைமேல் இருக்கும் இரண்டும் வலக்கைகள். ஒன்றின் சட்டைக் கைப்பட்டி வெள்ளை, மற்றது பச்சை. தலை தப்பித்துவிட்டது, சரி. அந்தப் பச்சைக் கைக்காரர் யார்? அதைத் தேடியே அரைமணி நேரம் போனது. இப்படிச் சிரிக்கவைத்துவிட்டு, பிறகு விடாமல் பிடித்துக்கொண்ட படம் உங்களுக்கும் உண்டா?

சட்டம் அடிப்பவன்:
படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுவதுதான் என் பிழைப்பு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். நிற்பவரின் கண்மட்டம் அது. ஓர் ஓவியர் மட்டும், "முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்" என்றார். விருந்து மேசைப் படம் அது. மேசைக்கு நான்கு மனிதக் கால்கள், காலுறையோடு. ஒரு காலுறையில் ஓட்டை, ஓட்டையில் பெருவிரல். இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கினேன். திறப்பு விழாவில் அத்தனை பெரிய மனிதர்களும் அதன்முன் குனிந்தார்கள். நிமிர்வதற்குள் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொள்ளாதவர் ஒருவர்கூட இல்லை.

பழைய தாள்:
மாட்டும் இடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் பெல்ஜிய ஓவியர் மாக்ரித்தைச் சொல்லத் தோன்றுகிறது. சிகாகோ கலை நிறுவனத்தில் அவருடைய 1938ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றின் முன் நின்றிருக்கிறேன். கணப்படுப்புக்குள்ளிருந்து ஒரு ரயில் எஞ்சின் அந்தரத்தில் வெளிவருகிறது. புகை சமர்த்தாகப் புகைபோக்கிக்குள் போகிறது. மேலே இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகள் இருக்க, கண்ணாடியில் ஒன்றுதான் தெரிகிறது. பிரெஞ்சுத் தலைப்பில் காலத்தைக் கத்தியால் குத்துவார்கள். ஆங்கிலத்துக்குப் போனபோது கத்தி தொலைந்துபோனதில் அவருக்கு வருத்தம். வாங்கிய எட்வர்ட் ஜேம்ஸ் அதைப் படிக்கட்டின் அடியில் மாட்டுவார், நடன அறைக்கு ஏறிச்செல்லும் விருந்தினர்களை எஞ்சின் குத்தும் என்பது மாக்ரித்தின் ஆசை. அந்த மனிதரோ தன் வீட்டுக் கணப்படுப்புக்கு மேலேயே மாட்டிவைத்தார். அன்றைக்கு ஒரு சட்டம் அடிப்பவர் மறுத்துப் பேசியிருக்கலாம்!

உப்புக்கல்:
கோபிக்க வேண்டாம், எனக்கு இவற்றில் பெரும்பாலானவை அலுத்துவிட்டன. மீனுக்குத் தொப்பி, நாற்காலிக்கு மீசை. விடை தெரிந்த விடுகதையை யார் இரண்டாம் முறை கேட்பார்கள்? நிழலைக்கூடச் சரியாகப் போடுவதில்லை. பொய் சொல்கிறவன் சில்லறை விவரங்களிலாவது சரியாக இருக்க வேண்டாமா?

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பூபேன் கக்கர் 1981இல் வரைந்த 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது' என்ற படத்தைத்தான். மனிதர் பட்டயக் கணக்காளர்; கணக்கு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். மாடத்தில் ஆடையின்றி ஒருவர் நிற்கிறார். கீழே தகப்பன், மகன், கழுதை. நாம் சின்ன வயதில் கேட்ட அதே கதை, அதன் கட்டங்கள் எல்லாம் ஒரே ஊருக்குள் அங்கங்கே நடக்கின்றன. ஒட்டிவைத்த வேடிக்கை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கழுதையைப் பார்ப்பதா, அந்த ஆளைப் பார்ப்பதா என்று ஒவ்வொரு முறையும் திணறுகிறேன்.

கோணல்கோடு:
உப்புக்கல் ஐயா, உங்களுக்காகவே நேற்று மறுபடி போய் நிழலைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒரே ஜன்னல் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் விழுகிறது, குருவியின் நிழல்கூட.

ஓவியரும் வந்திருந்தார். பச்சைக் கை யாருடையது என்று கேட்டேன். "அடுத்த அறையில் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்றார். முதல் நாள் நான் எட்டிக்கூடப் பார்க்காத அறை. அங்கே பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஊஞ்சலாடுகிறார். கயிற்றைப் பிடித்திருப்பவை இரண்டும் இடக்கைகள், ஒன்றில் வெள்ளைக் கைப்பட்டி.

இரண்டு படங்களின் அருகிலும் விற்றதற்கான சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விசாரித்தேன். வாங்கியவர்கள் வேறு வேறு ஆட்களாம்.