புதுச்சேரியில் ஒரு பழைய பெஜோ பயணச் சைக்கிள்: பதினெட்டாயிரத்துக்குள் ஓட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா?

தல்லாகுளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் அழகர்கோவில் வரை சைக்கிளில் போய்த் திரும்புவதும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மூட்டையைக் கட்டிக்கொண்டு சிறுமலைப் பக்கமோ வத்தலக்குண்டுப் பக்கமோ புறப்படுவதும் என் வழக்கம். சென்ற மாதம் புதுச்சேரியில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு மாடிப்படியின் கீழே நீல நிறத்தில், பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் பயணச் சைக்கிள் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அலுமினிய மட்கார்டு, முன்னும் பின்னும் கேரியர், டைனமோ விளக்கு, மாஃபாக் நிறுவனத்தின் பிரேக், முன்னால் இரண்டும் பின்னால் ஐந்துமாகப் பத்து கியர் என எல்லாமே அதன் பிறப்போடு வந்தவைபோலத் தெரிகின்றன. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) காட்டர் பின் வகையைச் சேர்ந்தது, அதாவது சரிவான முகம் கொண்ட ஒரு பின்னால் அச்சோடு இறுக்கப்படுவது. பின் கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாற்றி. டயரின் பக்கவாட்டில் 650 × 35பி என்று எழுதியிருக்கிறது, டயர் வெடித்துப்போய்விட்டது. வீட்டுக்காரர் பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார். எல்லாச் செலவும் சேர்த்துப் பதினெட்டாயிரத்தைத் தாண்ட எனக்கு வசதியில்லை.

இங்கே மதுரையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடையில் படங்களைக் காட்டினேன். 26 × 1⅜ டயர் சரியாக உட்காரும் என்றும், பி.பி. கப் (கிராங்க் அச்சை இருபுறமும் தாங்கும் கிண்ணம்), காட்டர் பின் எல்லாவற்றையும் நம் ஊர்ச் சாமானாகவே மாற்றிவிடலாம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். முதலில் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்பது இன்னொரு நண்பரின் யோசனை. இவற்றில் எதை நம்புவது, வாங்குவதற்கு முன் எதைச் சோதிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கப்பலூர் லேத் எழுதியது:

ஐயா, நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். இப்படிப்பட்ட பிரெஞ்சு சைக்கிள்கள் சில என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் காலத்தால் கெட்டவையல்ல, அளவு தெரியாதவர்கள் ஸ்பேனரைப் போட்டுத் திருகியதால் கெட்டவை. ஆகவே வண்ணத்தையும் டயரையும் பற்றி யோசிப்பதற்கு முன் மரையைப் பற்றி, அதாவது திருகுப் புரியின் அளவைப் பற்றி யோசியுங்கள்.

1980களுக்கு முன் பிரான்சில் செய்யப்பட்ட சைக்கிள்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று தனி மெட்ரிக் அளவுகளை வைத்திருந்தன. பி.பி. கப்பின் அளவு 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் ஆகும். ஆங்கில அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதாவது சுமார் 34.8 மி.மீ. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டு சுற்று உள்ளேயும் போகும், அதற்குப் பிறகு சட்டத்தில் கப் அமரும் பெட்டியின் மரையை அறுத்துக்கொண்டுதான் நகரும். அதைவிட முக்கியமானது திருகும் திசை. ஆங்கில அளவில் செயின் பக்கத்துக் கப் இடமரை. கழற்றுவதற்கு அதைக் கடிகாரத் திசையில் திருக வேண்டும். பிரெஞ்சு அளவில் இரண்டு பக்கமும் வலமரைதான். ஆங்கில அளவுக்குப் பழகிய கை, கழற்றுவதாக நினைத்துக்கொண்டு பிரெஞ்சுக் கப்பை மேலும் மேலும் இறுக்கிவிடும். இதே 35 மி.மீ. அளவில் செயின் பக்கம் மட்டும் இடமரையாக உள்ள சுவிஸ் வகையும் ஒன்று உண்டு. எனவே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, இரு திசையிலும் மெதுவாக முயன்று பார்த்த பிறகே பலத்தைப் பயன்படுத்த வேண்டும். கப்பின் ஓடுபாதை வழுவழுப்பாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். உள்ளிருக்கும் கால் அங்குலப் பால்ரஸ் (எஃகுக் குண்டுகள்), பக்கத்துக்குப் பதினொன்றாக, எந்தக் கடையிலும் கிடைக்கும். பால்ரஸும் கிரீசும் மாற்றினால் வேலை முடிந்தது.

பெடலின் மரை 14 மி.மீ., இடைவெளி 1.25, இன்று பெரியவர்கள் சைக்கிளில் வழக்கமாக வரும் 9/16 அங்குலப் பெடல் அதில் ஏறாது. பழைய பெடல்களைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்துப் பயன்படுத்துங்கள். அவற்றில் டி, ஜி என்ற பிரெஞ்சு எழுத்துகள் இருந்தால் டி வலது, ஜி இடது. ஹேண்டில் தண்டு 22.0 மி.மீ.; சந்தையில் கிடைப்பது 22.2. பழைய தண்டு நன்றாக இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். உடைந்திருந்தால், புது அலுமினியத் தண்டை உப்புத்தாளில் தேய்த்து 0.2 மி.மீ. குறைத்துப் போடலாம். சுத்தியலால் அடித்து இறக்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் கழுத்து பிளந்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை.

காட்டர் பின்னுக்கும் இதே கதைதான். அங்கே 9 மி.மீ. பின் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இங்கே கிடைப்பது 9.5. துளையைப் பெரிதாக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பின்னைத்தான் சிறிதாக்க வேண்டும், அது லேத்தில் கால் மணி நேர வேலை. பின்னைத் தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் பால்ரஸ் வழியாகக் கப்பில் இறங்கிப் பள்ளம் விழும்.

நத்தம் சாலை எழுதியது:

லேத்துக்காரர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. டயர் விஷயத்தில் உங்கள் கடைக்காரர் தவறான வழி காட்டுகிறார் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 26 × 1⅜ என்பது பிரெஞ்சுக் கணக்கில் 650ஏ. ரிம்மில் டயர் அமரும் விட்டம் 590 மி.மீ. உங்களுடையது 650பி, அதன் விட்டம் 584. அந்த ஆறு மி.மீ. தளர்ச்சியோடு டயர் ஏறத்தான் செய்யும், ஆனால் காற்றடிக்கும்போதோ ஓடும்போதோ ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கும். இன்றைய மலைச் சைக்கிள்களுக்கு 27.5 என்று விற்கப்படும் டயரின் உள்விட்டமும் அதே 584 என்பதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. பெயரில் 27.5 என்று இருப்பதால் பெரிது என்று எண்ணி விலகிவிடாதீர்கள். டயரின் ஓரத்தில் 584 என்ற எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலான 27.5 டயர்கள் இரண்டு அங்குல அகலத்தில் முட்டுமுட்டாக வரும், அவை உங்கள் மட்கார்டுக்குள் நுழையா. ஒன்றரை அங்குல அகலத்தில், சாலைக்கு ஏற்ற வழுவழுப்பான டயரைச் சொல்லிவைத்து வரவழையுங்கள்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைச் சோதியுங்கள். முன்கழுத்துக்குக் கீழே இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மேடோ சுருக்கமோ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது, விலை பாதியானாலும் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நூலைப் பின்சக்கர அச்சு அமரும் கவையில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபக்கக் கவைக்கு இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். சீட் தண்டு அசைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடற்கரை ஊரில் அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் இறுகிப்போயிருந்தால் அதை எடுக்கவே உங்கள் பணத்தில் பாதி போய்விடும்.

பிளாஸ்டிக் கியர் மாற்றியை நான் நம்ப மாட்டேன். அந்தப் பிளாஸ்டிக் வயதாக ஆக உடையும் தன்மை பெறுகிறது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் அது கையை விரித்தால் நீங்கள் தள்ளிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மாற்றி ஒரு தகட்டுக் கொக்கியால் கவையோடு பிணைக்கப்பட்டிருந்தால் வேலை எளிது: கொக்கியோடு வரும் ஷிமானோ டூர்னி மாற்றி ஒன்றைப் போடுங்கள். உங்கள் பழைய கியர்க் கைப்பிடியில் கியருக்குக் கியர் ‘டிக்’ என்று நிற்கும் படிகள் இல்லாததால் அது எந்த மாற்றியையும் இழுக்கும். எட்டு கியருக்கான செயின் ஐந்து பல்சக்கரங்களிலும் தடையின்றி ஓடும்.

பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். மணல் வீச்சில் பழைய எழுத்துகளும் கோடுகளும் ஒரு நிமிடத்தில் போய்விடும், எந்தப் பணத்தாலும் அவற்றைத் திரும்ப வரவழைக்க முடியாது. சோப்பு நீரில் கழுவி, உரிந்த இடத்தில் மட்டும் துருவைச் சுரண்டி, நிறத்துக்கு ஒத்த பெயிண்டைத் தொட்டுவைத்து, மேலே மெழுகு தேயுங்கள். குரோம் பூச்சின் மேலுள்ள துருவுக்கு, சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் போதும்.

விலையைப் பொறுத்தவரை, டயர் வெடித்து ஓடாமல் கிடக்கும் சைக்கிளுக்குப் பத்தாயிரம் அதிகம். ஏழிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

தல்லாகுளத்தான் எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போய் நூல் கட்டிப் பார்த்தேன். இருபுறமும் ஒரே அளவுதான். கழுத்துக்குக் கீழே குழாய் வழுவழுப்பாக இருந்தது. சீட் தண்டு முதலில் அசைய மறுத்து, எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தபின் சுழன்றது. எட்டாயிரத்துக்குப் பேசி முடித்து, சக்கரங்களைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் திறந்து பார்த்ததில் இடப்பக்கக் கப் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் கிராங்க் அச்சில் பால்ரஸ் ஓடிய இடத்தில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. காட்டர் பின்னை வெர்னியரில் அளந்தேன், நீங்கள் சொன்னபடியே 9 மி.மீ.தான். நம் ஊர் அச்சு இதற்குச் சேருமா, அல்லது பழையதையே சரிசெய்ய முடியுமா?

கப்பலூர் லேத் எழுதியது:

ஐயா, பழைய அச்சைக் கடைசல் பிடித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். அதன் கடினமான மேல்தோல் மெல்லியது; பள்ளம் போகும்வரை கடைந்தால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளிப்பட்டு மறு மாதமே தேய்ந்துவிடும். மரை கப்பில்தான் இருக்கிறது, அச்சில் இல்லை; ஆகவே வேறு அச்சு பொருந்த வாய்ப்புண்டு. ஆனால் ஒரே நீளம் என்பது மட்டும் போதாது. பால்ரஸ் ஓடும் இரண்டு தோள்களுக்கு இடைப்பட்ட தூரம், தோளிலிருந்து பின் பள்ளம் வரையுள்ள தூரம், கிராங்க் துளையின் விட்டம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். பழைய அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். அச்சில் பின்னுக்கான பள்ளம் ஆழம் மாறினால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. அப்போது பின்னின் சரிவான முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அச்சு கிடைத்ததும் கிராங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். பின்களை நானே 9 மி.மீ.க்குக் கடைந்து தருகிறேன்.